ஷோரூமில் நின்ற ஒரு மாதம்

எனக்கும் படிப்புக்கும் ஒத்துவராது என்று மூன்றாம் வகுப்பிலேயே முடிவாகிவிட்டது. முடிவு செய்தது வாத்தியார். அப்படிப்பட்டவன் கையில் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட நிலம் விற்ற பணம் மொத்தமாக வந்தால் என்ன செய்வான்? கரண்ட் கார் வாங்கப் போவான். அதிலும் பெரிய எஸ்யூவி. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு இளநீர் வெட்டித் தருகிற ஆள் நான்.

காரணம், என் மனைவியின் முதுகுத்தண்டில் இருந்த கட்டி. வேலூர் ஆஸ்பத்திரியில் முதல் சுற்று கரண்ட் வைத்தார்கள். கதிர் சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். பஸ்ஸில் போனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தொடையைக் கிள்ளுவாள். வாடகை காரில் போனால் டீசல் வாடைக்கு வாந்தி.

ஷோரூம்காரர் எங்களை உட்காரவைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினார். திரும்பிப் பார்த்தால் பின்சீட்டில் அவள் தூங்கியிருந்தாள். உட்கார்ந்தபடி அவள் தூங்கிப் பல மாதமாகியிருந்தது. எனக்கு அதற்கு மேல் எதுவும் பார்க்கத் தோன்றவில்லை.

எழுந்ததும் கேட்டாள். "எனக்கும் கரண்டு, வண்டிக்கும் கரண்டு. உனுக்கு எப்பய்யா வைக்கப் போறாங்க?"

ஷோரூம்காரர் விலை சொன்னார். "பெட்ரோல் வண்டின்னா ரோடு டாக்ஸே லட்சக்கணக்குல போவும்ணே. இதுக்குக் கெடையாது. ஆனா சலுகை வருஷக் கடைசியோட முடியுதுன்னு பேசிக்கிறாங்க. ஜனவரியில வெலயும் ஏறும். இது இந்த வருஷ மாடல், அதான் தள்ளுபடி ஜாஸ்தி. ஜனவரி பொறந்தா வண்டிக்கு ஒரு வயசு கூடிடும். விக்கும்போது கம்மியாத்தான் கேப்பாங்க."

"எனக்கும் அதே கததான் தம்பி" என்றேன்.

கார்த்திகை தீபக் கூட்டத்துக்காக ஊரில் பாதி ரோட்டை அடைத்துவிட்டார்கள். அது முடிந்து வண்டி தயாராவதற்குள் மார்கழி பிறந்துவிட்டது.

"மார்கழியில புது வண்டி வாசலுக்கு வரக்கூடாது" என்றாள் அவள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்த நாட்களெல்லாம் எனக்குக் கெட்ட நாட்கள். பில்லையும் பதிவையும் டிசம்பரிலேயே முடித்துக்கொண்டு, வண்டியைத் தை முதல் நாள் வரை ஷோரூமிலேயே நிறுத்தச் சொன்னேன். டாக்ஸ் மிச்சம், தள்ளுபடியும் கைக்கு வந்தது, சாமி குத்தமும் இல்லை. டீக்கடை டீக்கடையாக இதைச் சொல்லிப் பீற்றினேன்.

இரண்டாம் சுற்று கரண்டுக்குக் கொடுத்திருந்த தேதி மார்கழியில் வந்தது.

"வாடக வண்டி சொல்லிட்டேன், கெளம்பு."

"நம்ம வண்டி அங்க சும்மா நிக்குது. நான் எவன் வண்டியிலயோ வாந்தி எடுத்துக்கினு போவணுமா? தையில போலாம். படுத்துக்கினே வரேன்."

அரை நாள் கத்திப் பார்த்தேன். பிறகு எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பொங்கலுக்கு முந்தின வாரம் கால் மரத்துப்போகிறது என்றாள். குளிராக இருக்கும் என்று கம்பளி போர்த்திவிட்டேன்.

தை முதல் நாள் வண்டி மாலையோடு வாசலுக்கு வந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, அவளை அழைக்க உள்ளே போனேன். எழுந்து உட்கார அவளால் முடியவில்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அக்கம்பக்கத்தார் சேர்ந்து தூக்கிச் சீட்டில் வைக்கப் பார்த்தோம். முதுகு வளையவில்லை. அவள் கத்திய கத்தலில் அப்படியே கீழே படுக்கவைத்துவிட்டோம்.

ஆம்புலன்ஸ் வந்தது. அவள் தங்கை கூட ஏறிக்கொண்டாள். பின்னாலேயே நான் புது வண்டியில், காலிச் சீட்டுகளோடு வேலூர் வரை போனேன். வண்டி துளிக்கூடக் குலுங்கவில்லை.

"ஏம்மா ஒரு மாசமா வரல?" என்று டாக்டர் கேட்டார்.

"மார்கழிங்க சார்" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். இனிமேல் கால் திரும்புவது கஷ்டம் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

வண்டியில் இருந்த துணிப்பையை எடுத்துவரக் கீழே போனேன். பக்கத்து வண்டிக்காரர் மாலையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கரண்ட் வண்டியாங்க? டாக்ஸ் உண்டா?"

"இல்லீங்க."

"எந்த வருஷ மாடல்?"

"போன வருஷம்."

"அப்ப நல்லா தள்ளியிருப்பானே!"

"தள்ளுனான்."

கேட்காததையும் சொன்னேன். சார்ஜ் எத்தனை கிலோமீட்டர் தாங்கும், பெட்ரோல் வண்டியைவிட எவ்வளவு மிச்சம், எல்லாம். மேலே அவளைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும் என்று தங்கை போன் அடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்து, பின்சீட் எவ்வளவு தூரம் சாயும் என்று அவருக்குச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.