இரண்டரைக்கு வெளிக்கிட்ட பஸ்

சிவமலருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். நோர்வேயில், ஒஸ்லோவின் புறநகரான பியோர்ண்டாலில் இருப்பவள். எட்டு வருடம் அலுவலகங்கள் துடைத்தவள், அதன்பிறகு லைசன்ஸ் எடுத்து ஆறு வருடமாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறாள். அவளுடைய பஸ்ஸில் யாரோ விட்டுப்போன ஒரு சிறு புத்தகத்தில்தான் அந்தப் பாலங்களை முதலில் பார்த்தாள். பழைய மரப்பாலங்கள். வீடுகளைப் போல அவற்றுக்குக் கூரையும் சுவரும் இருந்தன. மழையும் பனியும் மரத்தை உக்கவைக்காமலிருக்க அப்படிக் கட்டியிருந்தார்கள். வடக்கே மூன்று மணிநேரத் தூரத்தில், ஒரே பள்ளத்தாக்கில் மூன்று.

2004 கோடையில் தமிழ்ச் சங்கச் சுற்றுலாவுக்கு அவள் அந்த இடத்தைச் சொன்னாள். பாலங்களுக்கு மேலே பஸ் ஏற முடியாது. எங்கே நிறுத்துவது, எங்கே திருப்புவது என்று அந்த ஊர் அலுவலகத்துக்கு நாலு தடவை போன் எடுத்து விசாரித்தவளும் அவள்தான். பஸ்ஸை ஓட்ட ஒப்புக்கொண்டதும் அவள்தான்.

முதல் பாலத்துக்குப் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆண்கள் பாதிவரை நடந்து, ஒரு படம் எடுத்துவிட்டு, ஆற்றங்கரையில் வலை கட்டி வொலிபோல் விளையாடத் தொடங்கினார்கள். பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். சாப்பாடு முடிய ஒன்றேமுக்கால் ஆகிவிட்டது. அப்போதுதான் சங்கத் தலைவர் ஆனந்தராஜா மைக்கைப் பிடித்தார்.

“எல்லாரும் களைச்சுப்போனம். பாலம் எண்டா எல்லாம் ஒண்டுதானே? மிச்சம் ரெண்டையும் விடுவம். இவ்வளவு ஒழுங்கும் செய்த எங்கட பாலேந்திரனுக்கு ஒருக்கால் கைதட்டுங்கோ!”

பாலேந்திரன் அவளுடைய கணவன். ஒரு போன்கூட எடுக்காதவன். அவன் எழும்பி, கையைத் தூக்கி, சிரித்தான்.

சிவமலர் சாம்பல் படிந்த கையோடு நின்றாள். போய் மைக்கை வாங்கினாள்.

“ரெண்டரைக்கு பஸ் வெளிக்கிடும். சாரதி இத்தனை மணித்தியாலந்தான் ஓடலாமெண்டு சட்டமிருக்கு, நான் காத்துக்கொண்டிருக்க ஏலாது. பாலம் பாக்கிற ஆக்கள் ஏறுங்கோ. மிச்ச ஆக்களை ஆறு மணிக்கு வந்து ஏத்திறன்.”

ஆண்கள் சிரித்தார்கள். “கோவத்தைப் பார்!” என்றார் ஆனந்தராஜா.

இரண்டரைக்குப் பதினான்கு பெண்களும், விளையாடாத ஒரு முதியவரும் ஏறியிருந்தார்கள். அவள் கதவை மூடினாள். பஸ் நகர்ந்தபோதுதான் வலைக்கருகே சிரிப்பு நின்றது. பாலேந்திரன் சிறிது தூரம் ஓடிவந்தான். கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே கியரை மாற்றினாள்.

இரண்டாவது பாலம்தான் மூன்றிலும் நீளமானது. உள்ளே இருட்டாக இருந்தது. பலகை இடுக்குகளால் வெளிச்சம் கோடுகோடாக விழுந்தது. கீழே ஆறு இரைந்தது. அவள் படித்துவைத்திருந்த விளக்கத்தைச் சொல்லத் தொடங்கினாள். இரண்டு வசனத்துக்கு மேல் வரவில்லை. மாதக்கணக்காகக் காத்திருந்த இடத்தில் நின்றும், கண்ணுக்குள் கணவனின் தூக்கிய கையே நின்றது. அதற்காகவும் அவன்மேல் எரிச்சல் வந்தது. சிநேகிதி மரியரஞ்சனி, “நீ பேசாமல் நில். நாங்களே பாக்கிறம்,” என்றாள்.

மூன்றாவதைத் திருத்தவேலைக்காக அடைத்திருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று கூரையை மட்டும் பார்த்தார்கள்.

ஆறு மணிக்குத் திரும்பியபோது ஆற்றங்கரையில் மழை பிடித்திருந்தது. ஆண்கள் பாலத்துக்குள்ளே ஒதுங்கி நின்றார்கள். ஆனந்தராஜா நனைந்த சப்பாத்தோடு ஏறினார்.

“இது என்ன வேலை, தங்கச்சி? உங்கட சொந்த பஸ்ஸோ?”

“இல்லை, அண்ணை. உங்கட பஸ்ஸும் இல்லை. பெல்ட்டைப் போடுங்கோ.”

ஒஸ்லோ வரும்வரை யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

வீட்டில் பாலேந்திரன், “எல்லாருக்கும் முன்னாலை என்ரை மானத்தை வாங்கிப்போட்டீர்,” என்றான்.

“என்ரை வேலைக்கு நீங்கள் கைதட்டு வாங்கினீங்கள். எது பெரிசு?”

ஒன்பது நாள் இருவரும் கதைக்கவில்லை. பத்தாம் நாள் காலை, அவள் வேலைக்கு வெளிக்கிடும்போது, அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, “கையைத் தூக்கினது பிழைதான்,” என்றான்.

“ஓம், பிழைதான்,” என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தை மாட்டினாள். கோபம் அப்போதும் அடங்கியிருக்கவில்லை. அடுத்த வருடம் சங்கம் வேறு சாரதியைப் பிடித்தது.