ஜெபராஜ் சேரின் விழித்திரை

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கம் அவசரமாகக் கூடி, நீண்ட விவாதத்தின் பின், இரங்கல் பதாகையில் மூக்குக்கண்ணாடி இல்லாத படத்தையே போடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஜெபராஜ் சேர் இறந்த செய்தி அந்தத் தீர்மானத்தின் வழியாகவே என்னை வந்தடைந்தது.

பலாபத்வலயில் அவரை விலங்கியல் ஆசிரியராகவே அறிவோம். பாடசாலை விட்டதும் அவர் செத்த குரங்குகளின் கண்ணை வெட்டி, நுண்ணோக்கியில் விழித்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு நரம்புக்கலம் அடுத்ததை அடக்கிவைக்கும் இணைப்புகள்தான் அவருடைய ஆய்வு. நாவுல ஊர் விவசாயி ரவூப் நானா, மின்கம்பியில் அடிபட்ட குரங்கொன்றைச் சாக்கில் கொண்டுவந்த நாளில் நானும் இருந்தேன்.

“சேர், எங்கட கத்தரிக்கா இதுகள்ட கண்ணுக்குத் தெரியாம பண்ண ஏலாதா?”

“ஒன்னு தெளிவாத் தெரியணும்னா பக்கத்துல உள்ளது வாய மூடணும் நானா. கண்ணுல பாதிப் பேருக்கு அந்த வாய மூடுற வேலதான்.”

“அப்ப அதுல ரெண்டு பேர எங்கட கமக்காரக் கூட்டத்துக்கு அனுப்புங்க.”

பிறகு சேருடைய பார்வையின் நடுப்பகுதி போயிற்று. போன இடத்தில் குரங்குகள் வந்து உட்கார்ந்தன. சத்தம் போடவில்லை. அவரையே பார்த்தன.

“ஐசே, எல்லாம் நான் வெட்டுனதுங்க மாதிரியே இருக்கு,” என்றார் என்னிடம்.

வெற்றிடத்தை மூளை நிரப்புகிறது என்றார் கண் மருத்துவர். மூளை இல்லை, விழித்திரையில் அடக்கும் இணைப்புகள் முதலில் செத்துவிட்டன, அதனால் மற்றவை கண்டபடி பேசுகின்றன என்றார் சேர். அவர் மனைவி பிலோமினா அக்கா தேத்தண்ணீரை வைத்துவிட்டுச் சொன்னார்: “கண்ணத் திருப்பிக் கேக்க வந்திருக்குதுங்க.”

மூன்றில் அக்காவின் விளக்கம் மட்டுமே, ஏன் குரங்குகள் என்பது உட்பட, எல்லாவற்றுக்கும் பொருந்தியது. சேருக்கும் அது தெரிந்திருந்தது.

“நான் செத்ததும் சுணங்காம என் விழித்திரைய யாராவது பாக்கணும் ஐசே. இல்லாட்டி இவ சொன்னதுதான் நிக்கும்.” சாவைப் பற்றி அவர் பயந்ததாக எனக்கு நினைவில்லை. இதைப் பற்றிப் பயந்தார். கண்தானப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். நான் தெரிந்த ஆய்வுகூடங்களுக்கெல்லாம் எழுதினேன். எல்லோரும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். வருவதாக யாரும் சொல்லவில்லை.

கடைசிக் காலத்தில் அவர் உட்காருமுன், ஏதும் உட்கார்ந்திருக்கிறதா என்று நாற்காலியைக் கையால் தடவிப் பார்ப்பார். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தப் பழக்கம்தான். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்கிறார் மருத்துவர்.

சேர் இறந்த அன்று மத்தியானம் கண்தானத்துக்காக வந்தவர்கள் முன்புறக் கருவிழிப் படலங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் விழித்திரையோடு அடக்கம் நடந்தது.