டாம்பரைக் கழற்றிய பிறகு

பட்டறையில் கூரை ஒழுகும் இடத்தில்தான் என் தையல் மெஷின் இருந்தது. ஜீப்புக்கும் வேனுக்கும் சீட் உறை தைப்பது என் தொழில். மழை பெய்தால் துணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து இழுத்து நனையாமல் காப்பாற்றுவேன். யாரிடமும் குறை சொன்னதில்லை. ஒரு நாள் காலையில் பிரார்த்தனையை முடித்துவிட்டு வந்து பார்த்தால், மெஷின் ஜன்னலோரம் நல்ல மூலையில் நிற்கிறது. ஒழுகும் இடத்தில் மச்சானுடைய இரும்பு மேஜையும் ஸ்பேனர் பெட்டியும் இருக்கின்றன.

"என்ன மச்சான் இது?" என்று கேட்டேன்.

"எனக்கு அந்த வெளிச்சம் கண்ணைக் கூசுது. உன் மெஷின் சத்தம் வேற காதைத் துளைக்குது. அந்தப் பக்கம் போய்த் தொலை."

அந்த மழைக்காலம் முழுக்க அவர் தன் ஸ்பேனர்களை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கும்போதெல்லாம் மழையைத் திட்டினார். கண் கூசுகிற ஆள் வெல்டிங் வேலை எப்படிச் செய்கிறார் என்று நான் கேட்கவில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பட்டறைக்கு வருகிறவர்களுக்கு அவர் 'கடுகு'. காய்ந்த எண்ணெயில் விழுந்த மாதிரி வெடிப்பார் என்பதால் வந்த பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருக்குத் தெரியும். "ஆமா, கடுகுதான் பேசறேன். வண்டிக்கு என்ன, அதைச் சொல்லு" என்று அவர் ஃபோனில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அவருக்குக் கோபம் வராத நாள் கிடையாது. பாதி முறுக்கி விட்ட நட்டைப் பார்த்தால் கோபம். "சும்மா ஓட்டிப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் கோபம். சத்தம் கேட்கிறது என்று வண்டியைக் கொண்டுவந்துவிட்டு, இப்போது கேட்கவில்லை என்று திருப்பி எடுத்துப் போகிறவர்கள்மேல் தனிக் கோபம். "நோய் வாயை மூடிக்கிட்டா நோய் போயிடுச்சாடா" என்பார். எனக்குச் சண்டை என்றாலே ஆகாது. அவர் கத்த ஆரம்பித்தால் மெஷினை வேகமாக மிதிப்பேன். அதற்கும் திட்டுவார்.

பட்டறைக்கு முன்னால், ரோட்டைப் பார்த்த பக்கத்தில், அவருடைய தம்பி கடை வைத்திருந்தான். நாங்கள் எல்லாரும் அவனைச் சின்னவன் என்போம். அவனுக்குக் கோபமே வராது. வருகிறவரைப் 'பாஸ்' என்பான், நாற்காலியைத் துடைத்துப் போடுவான். ஜீப்புகளைத் தூக்கி நிறுத்துகிற ஆசை ஊருக்குள் வந்த நேரம் அது. பெரிய ஸ்பிரிங், பெரிய டயர், நெற்றியில் வரிசையாக விளக்கு. ஏறி உட்கார ஏணி வேண்டும், இறங்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனாலும் மேலே உட்கார்ந்து பார்த்தால் ஊரே சின்னதாகத் தெரியுமாம். சின்னவன் அந்த உயரத்தைத்தான் விற்றான்.

ஜீப் ஓட்டுவதால் நாங்கள் ஜீப்பக்கா என்று கூப்பிடும் அக்கா மட்டும் ஆசைக்காக உயர்த்தவில்லை. கணவர் விட்டுப்போன ஜீப்பை வைத்து அவர் தினமும் மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போவார். பாதி தூரம் கல் ரோடு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கல் அடிவயிற்றில் இடிக்கிறது என்று உயர்த்தச் சொன்னார். அந்த நேரம் பார்த்து மச்சான் வழியில் நின்றுபோன ஒரு லாரியைப் பார்க்க வெளியூர் போயிருந்தார். சின்னவன் தானே ஸ்பிரிங்கை மாற்றினான், டயரை மாட்டினான், மாலை போட்டு போட்டோவும் எடுத்தான்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஜீப்பக்கா வந்தார். கடைப் பக்கம் போகாமல் பின்பக்கமாக நேரே பட்டறைக்குள் வந்துவிட்டார். மச்சான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

"அண்ணே, வண்டி என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"எந்த வண்டி யார் பேச்சைக் கேக்குது? என்ன பண்ணுது, அதைச் சொல்லு."

"பள்ளத்துல இறங்கினா அதுவா திரும்புது. வளைச்சா நேர வர மாட்டேங்குது, நானே இழுத்து நேராக்கணும். ஒரு நாள் வளைவுல ஒரு கல்லுதாண்ணே, சின்னக் கல்லு, ஏறி இறங்குச்சு. ஸ்டியரிங் கையில நிக்காம படபடன்னு ஆடிச்சு. ஓரத்துக்குப் போயிட்டேன். பிள்ளைங்க ஒண்ணுகூடக் கத்தல. கத்தியிருந்தாத் தேவலாம் போல இருந்துச்சு."

"அப்புறம்?"

"தம்பிகிட்ட வந்தேன். டாம்பர்னு ஒண்ணு மாட்டிக் கொடுத்துச்சு. முந்தி உடனே ஆடும். இப்ப யோசிச்சு ஆடுது."

மச்சான் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். திட்டவில்லை. அவர் திட்டாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"பள்ளிக்கூடம் எப்ப?"

"திங்கக்கிழமை."

"வண்டிய இங்க விட்டுட்டு நடந்து போ."

என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொல்லிவிட்டு அடியில் படுத்துக்கொண்டார். அந்தச் சீட்டுகளை நான் தைத்தவன். பின்சீட்டின் ஓரத்தில் ஒரு குட்டிப் பெண் உட்காருவாள். தையலுக்குள் விரலை விட்டு ஸ்பாஞ்சைப் பிய்த்து எடுப்பது அவள் பழக்கம். அந்த ஓட்டையை நான் பல தடவை தைத்திருக்கிறேன். ஸ்டியரிங்கை ஆட்டிக்கொண்டே கண்ணாடியில் அந்த ஓரத்தைப் பார்த்தேன். மறுபடி பிய்த்திருந்தாள்.

"மாப்ளே, இறங்கி வந்து பாரு. நீயும் பாரு. நாளைக்கு நான் சும்மா கத்தினேன்னு சொல்லக் கூடாது."

குனிந்து பார்த்தேன். அவர் காட்டியதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். முன்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் அச்சுக்கு மேலே குறுக்காக இரண்டு கம்பிகள் வரும். ஒன்று ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போய் அதைத் திருப்புவது. இன்னொன்று அச்சு பக்கவாட்டில் நகராமல் வண்டியோடு கட்டிப் பிடிப்பது. இரண்டும் ஒரே சாய்வில், நோட்டில் போட்ட கோடுகள்போல இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் பள்ளத்தில் அச்சு ஏறி இறங்கும்போது இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். வண்டியை உயர்த்தினால் இரண்டுமே இன்னும் அதிகமாகச் சாய்ந்துவிடும். சின்னவன் ஸ்டியரிங் கம்பியை மட்டும், ஸ்டியரிங் பெட்டியில் நீளமான கை ஒன்று போட்டு இறக்கி, படுக்கவைத்துவிட்டான். மற்றதை அப்படியே சாய்வாக விட்டுவிட்டான். ஒரு கம்பி ஒரு பக்கம் இழுக்க, இன்னொன்று வேறு பக்கம் இழுக்க, ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பியிருக்கிறது. அந்த இழுப்பில், கட்டிப் பிடிக்கும் கம்பியின் போல்ட் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. நான் ஸ்டியரிங்கை ஆட்டும்போதெல்லாம் போல்ட் அதற்குள் கடகடவென்று ஆடியதைக் கண்ணால் பார்த்தேன்.

"இதை மறைக்கத்தான் டாம்பர்" என்றார் மச்சான். "ஆட்டத்தை அமுக்கிப் பிடிக்கிற ஷாக் அப்சார்பர் அது. காய்ச்சல்காரனைக் கட்டிலோட கட்டிப்போட்டு, நடுக்கம் நின்னுடுச்சுன்னு சொல்ற மாதிரி."

சின்னவனைக் கூப்பிட்டார். அவன் சிரித்துக்கொண்டேதான் வந்தான்.

"இந்த டாம்பரைக் கழட்டப் போறேன். நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். கல்லு ரோட்டுக்குப் போகலாம், அக்கா போற வேகத்துல."

"எதுக்குண்ணே கழட்டிக்கிட்டு? மாட்டியே போகலாமே."

"ஏன்?"

"சும்மாதான். அது இருந்தா ஸ்மூத்தா இருக்கும்."

"நான் வரேன், நீ வர. பிள்ளைங்க யாரும் இல்ல. கழட்டிட்டுப் போனா என்ன?"

சின்னவன் கீழே பார்த்தான். கையிலிருந்த துணியால் வெறும் விரலைத் துடைத்தான்.

"அப்ப உனக்குத் தெரியும்" என்றார் மச்சான்.

அதற்குப் பிறகு அவர் பேசியதையெல்லாம் நான் எழுத முடியாது. ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். சின்னவன் ஒரே ஒரு தடவை, "கடை முன்னாடி இப்படிக் கத்தாதேண்ணே, கஸ்டமர் போயிடுவாங்க" என்றான். "போகட்டும். உயிரோட போகட்டும்" என்று மச்சான் போட்ட சத்தத்தில் என் மெஷினின் மேலிருந்த கத்தரிக்கோல் அதிர்ந்தது.

எனக்குக் கோபம் வராது என்று வீட்டில் சொல்வார்கள். அன்று வந்தது. தெரியாமல் செய்வது வேறு. தெரிந்து, அதன்மேல் ஒரு ஷாக்கை மாட்டி, சிரித்துக்கொண்டு சாவியைக் கொடுப்பது வேறு. கடவுளே இவனுக்கு நல்ல புத்தி கொடு என்று மனசுக்குள் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அப்போது அவனுக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குட்டிப் பெண்ணின் ஓரத்தில் அவனை உட்காரவைத்து மலையேற்ற வேண்டும் போலிருந்தது. அன்று வெட்டிய துணி முழுக்கக் கோணல்.

மச்சான் வேலையில் இறங்கினார். தேய்ந்த ஓட்டையில் வாஷர் வைத்து வெல்டு பண்ணி ஒப்பேற்றவில்லை. அந்தக் கம்பியின் பழைய பிடியையே வெட்டி எறிந்துவிட்டு, தடித்த தகட்டில் புதிது செய்து, கீழே இறக்கி, அது அசையாமல் இருக்க எதிர்ப்பக்கச் சட்டத்தோடு ஒரு முட்டும் கொடுத்தார். இப்போது இரண்டு கம்பியும் ஒரே சாய்வு. உயர்த்தியதில் அச்சே ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்து அதை நடுவுக்குக் கொண்டுவந்தார். கடைசியாக அச்சின் சாய்வு.

"சைக்கிள்ல கையை விட்டு ஓட்டுவியா மாப்ளே?"

"சின்ன வயசுல ஓட்டியிருக்கேன்."

"முன் ஃபோர்க் கீழ முன்னால நீட்டிச் சாஞ்சிருக்கறதாலதான் அது நேராப் போகுது. அதை நிமித்தி வெச்சா மூஞ்சியில விழுவே. இந்த முட்டாள் வண்டியத் தூக்கினதுல அந்தச் சாய்வு போயிடுச்சு. அதான் ஸ்டியரிங் திரும்பி வர மாட்டேங்குது."

அச்சைப் பிடிக்கும் கீழ்க் கைகளைக் கொஞ்சம் நீளமானதாக மாற்றி, அச்சின் அடியை முன்னால் தள்ளினார். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் சின்ன டயல் ஒன்று வைத்திருந்தார். அதை வைத்துப் பார்த்து, திட்டி, மறுபடி வைத்துப் பார்ப்பார். சின்னவன் கேட்காமலே வந்து ஜாக்கைப் பிடித்தான். அண்ணன் பேசவில்லை. "இன்னும்", "போதும்", இரண்டே வார்த்தைதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டாம்பரைக் கழற்றி என் மெஷின்மேல் வைத்துவிட்டு, "இது இங்கயே கிடக்கட்டும்" என்றார். அதுதான் அவர் வழக்கம். ஸ்டியரிங் வேலை எதுவாக இருந்தாலும் டாம்பர் இல்லாமல்தான் ஓட்டிப் பார்ப்பார். சரியாக இருந்தால் பிறகு மாட்டுவார். சின்னவன் ஓட்டினான். பக்கத்தில் மச்சான். பின்னால் நானும் ஜீப்பக்காவும். அந்தக் குட்டிப் பெண்ணின் ஓரம் எனக்கு. கல் ரோடு வந்தது. பள்ளத்தில் இறங்கினோம். வண்டி குலுங்கியது, ஆனால் நேராகப் போனது. ஜீப்பக்கா முன்சீட்டின் கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்துப்போயிருந்தது. அந்த வளைவு முடிகிற இடத்தில் மச்சான், "கையை விடு" என்றார்.

"அண்ணே."

"விடுறா."

சின்னவன் விட்டான். ஸ்டியரிங் தானாகச் சுழன்று நடுவுக்கு வந்து நின்றது.

"இப்பத்தான் இது என் வண்டி" என்றார் ஜீப்பக்கா. சின்னவன் சத்தமாகச் சிரித்தான், அழுகிற மாதிரி. மச்சான் மட்டும், "ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றார். திங்கட்கிழமை பிள்ளைகள் போனார்கள், வந்தார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சில வாரம் கழித்து ஒரு நாள் கடைக்கு முன்னால் பெரிய போர்டு ஏறியது. கல் ரோட்டில் ஜீப்பக்காவின் வண்டி, படம் பளபளவென்று. 'மலைப் பாதையில் சோதித்துப் பார்த்த வேலை' என்று எழுத்து. போர்டுக்குக் கீழே யாரோ ஒருவருடைய புது ஜீப், உயர்த்தி நின்றது. மச்சான் குனிந்து அடியில் பார்த்தார். ஒரு கம்பி படுத்திருந்தது, ஒரு கம்பி சாய்ந்திருந்தது. குறுக்கே புத்தம் புது டாம்பர்.

அவர் போர்டைக் கிழிக்கவில்லை. உள்ளே வந்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தார். சின்னவன் ஓடி வந்தான்.

"ஒரு போர்டுக்காகவா போறே?"

"நான் இங்க இருந்து சரி பண்ணற வரைக்கும் நீ கெடுப்பே. நான் சரி பண்ணினதை போட்டோ எடுத்து மாட்டி, இன்னும் நாலு பேரைக் கெடுப்பே. என் வேலையை வெச்சே உன் பொய்யை ஓட்டறே. அதுக்கு நான் ஆள் இல்ல."

என் மனைவி வந்து அழுதாள். "கோபத்தை விட்டுடுண்ணே, தம்பிதானே" என்றாள். "நான் விட்டா யாரு வெச்சுக்குவா?" என்று அவளைக் கேட்டார்.

தூரத்தில் ஒரு கல் குவாரியின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஃபோன் பேசும்போது அங்கிருக்கும் எல்லாரையும் திட்டுவார். சந்தோஷமாக இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். ஒரு நாள் வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கடவுள் அவரை எடுத்துக்கொண்டார். அங்கேயும் ஏதாவது ஒரு நட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார்.

போர்டைச் சின்னவன் இறக்கிவிட்டான். இன்றும் ஜீப்புகளை உயர்த்துகிறான். ஆனால் டாம்பரைக் கழற்றி என் மெஷின்மேல் வைத்துவிட்டு, வண்டிக்காரரையும் ஏற்றிக்கொண்டு, முதலில் கல் ரோட்டுக்குப் போகிறான். "இப்படியே கொடு பாஸ், நேரமாகுது" என்று யாராவது அவசரப்படுத்தினால், "முடியாது, எங்க அண்ணன் கோபமா இருக்காரு" என்பான்.

மச்சான் குவாரிக்குக் கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிட நான்தான் போயிருந்தேன். பெட்டி கனம். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேலே ஏற்றினோம். ஜன்னலோரம் உட்கார்ந்தவரிடம், "சின்னவன் வாசல்லயே நின்னுக்கிட்டு இருக்கான் மச்சான். கோபம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, நான் போய்ச் சொல்லிடறேன்" என்றேன். பஸ் கிளம்பிவிட்டது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"கோபமாத்தான் போறேன்னு சொல்லு மாப்ளே. போயிடுச்சுன்னு நினைச்சா, திரும்பவும் டாம்பரைச் சும்மா மாட்டிக் கொடுப்பான்."