முட்டை வண்டியில் வந்த குரல்

பிரேசிலில், சாவோ பாவ்லோ நகரத்தின் கிழக்கு மேட்டில் ரோசிலேனியின் குரலைக் கேட்காத வீடு கிடையாது. முகம்தான் யாருக்கும் தெரியாது. காலையில் வால்டோமிரோவின் முட்டை வண்டி சரிவேறும்போது, கூரைமேல் கட்டிய ஒலிபெருக்கியில், பதிந்து கொடுத்த குரலாக வருகிறவள் அவள்தான். "மேட்டு ஜனமே, முட்டை வந்தாச்சு, கோழிக்கே தெரியாம கொண்டு வந்தாச்சு" என்று தாளத்தோடு கூவுவாள். தெருப் பிள்ளைகள் கூடச் சேர்ந்து கத்தும். அதே பிள்ளைகள் ரொட்டிக்கடை வரிசையில் அவள் காலை மிதித்துக்கொண்டு போகும்.

அவள் பிழைப்பு இப்படியா ஆக வேண்டும்? சிறு வயதில் கிறிஸ்தவ சபைப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவள். குழுவை நடத்தியவள் அவள் அம்மா ஜெனாய்டி. எந்த வரிக்கு முன்னால் மூச்சு எடுக்க வேண்டும் என்று மகளின் விலாவில் விரலால் அழுத்திக் காட்டுவாள்.

பத்தொன்பது வயதில் ரோசிலேனி ரயில் நிலையத்துக்குக் கீழே இருக்கும் சதுக்கத்துக்குப் போனாள். சனிக்கிழமைதோறும் அங்கே ராப் பாடுகிறவர்கள் வட்டம் கட்டுவார்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று வரிகளாலேயே ஒருவரையொருவர் கிழிப்பார்கள். கூட்டம் யாருக்கு அதிகமாகக் கத்துகிறதோ அவருக்குத்தான் ஜெயம். முதல் நாளே அவள் ஒருத்தனை வாயடைக்க வைத்தாள். அவள் வீடு திரும்புவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. சபையில் போட்டுக்கொடுக்கிறவர்களுக்கு என்ன பஞ்சம்!

"கர்த்தர விட்டுட்டு உலகத்துக்குப் பாடுற வாய்க்கு இந்த வீட்டுல பதில் கிடையாது," என்றாள் ஜெனாய்டி.

சொன்னதைச் செய்கிற மனுஷி. சாப்பாடு வைத்தாள், துணி மடித்தாள், பேசவில்லை. ஒரு மாதம் தாங்கிப் பார்த்துவிட்டு ரோசிலேனி நாலு தெரு தள்ளி ஓர் அறைக்குக் குடிபோனாள். அதற்குப் பிறகு தெருவில் எதிர்ப்பட்டு, "நல்லாருக்கியாம்மா?" என்று கேட்டாலும் அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள்.

பிறகு ஓர் ஆண்கள் குழுவோடு பல வருஷம் ஓடியது. பல்லவிக்கு மட்டும் கூப்பிடுவார்கள். "நீ அழகா இழுத்துப் பாடு ரோசி, பேசுறத நாங்க பாத்துக்குறோம்," என்பான் தலைவன் எடில்சன். பாட்டு வானொலியில் சக்கைப்போடு போட்டது. இசைத்தட்டு உறையில் அவள் பெயர் இல்லை. கேட்டதற்கு, "இடம் பத்தல," என்றான். தன் நாய்க்குட்டிக்கு நன்றி சொல்ல மட்டும் அந்தப் படுபாவிக்கு இடம் இருந்தது. அன்றைக்கே விலகினாள். சொந்தமாக எழுதிப் பாட ஆரம்பித்தாள். ஒலிப்பதிவுக் கூடத்து வாடகைக்குக் கைகொடுத்தது இந்த முட்டைக் கூவல்தான்.

இந்த வருஷம்தான் அதே சதுக்கத்தில் அவள் பெயர் போட்ட முதல் மேடை. அழைப்புச் சீட்டு ஒன்றை அம்மா வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் மழை கொட்டியது. ரயிலுக்கு வந்து மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் கூட்டம். நடுவில் ஒருவன், "முட்டை என்ன விலை, அக்கா?" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். கடைசிப் பாட்டு வரை சதுக்கத்துக்கு இறங்கும் படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வரவில்லை. ஒயரைத் தானே சுருட்டி எடுத்துக்கொண்டு போய், மீந்த சோற்றையும் பீன்ஸையும் சூடு பண்ணாமலே தின்றுவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் வால்டோமிரோ வந்தார்.

"நேத்து யாரெல்லாம் வந்தாங்க?"

"மழை வந்துச்சு."

"சரி விடு. நம்ம வண்டிக்கு ஒரு ரசிகை இருக்காங்க தெரியுமா? பச்சை கேட் வீட்டம்மா. எப்பப் போனாலும் ஒரு அட்டை முட்டை. வாங்கிட்டு, 'சரியாக் கேக்கல, இன்னொரு தரம் போடுங்க'ம்பாங்க. காது மந்தம் போல."

ரோசிலேனி கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள். "வெள்ளைத் தலையா? நீளப் பாவாடையா?"

"ஆமா."

"எங்கம்மா. அவங்களுக்கு முட்டை நாத்தமே ஆகாது வால்டோ. நான் முட்டை தின்னதெல்லாம் பக்கத்து வீட்டுலதான்."

சபையில் உலகப் பாட்டு பாவம். முட்டை விற்கிற கூவல் பாட்டில் சேராது. அந்தப் பிடிவாதக்காரி தனக்கென்று ஒரு குறுக்குச் சந்து கண்டுபிடித்து வைத்திருந்தாள். ரோசிலேனி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அந்த வாரமே புதுசாகப் பதிந்து கொடுத்தாள். "மேட்டு ஜனமே, முட்டை வந்தாச்சு, மழையில நனைஞ்சும் சளி பிடிக்கல, வேளைக்குச் சாப்பாடு, வீட்டுல சுகம், கவலப்படாம வாங்கிட்டுப் போங்க." முட்டைக்காரிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெருவே சிரித்தது.

அதைப் போட்ட அன்று மத்தியானமே வால்டோமிரோ திரும்பி வந்தார். "ரெண்டு தரம் கேட்டாங்க. அப்புறம் ஒரு குறை சொன்னாங்க."

"என்ன?"

"'அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க, மூணாவது வரிக்கு முன்னால மூச்சு எடுக்கல, தொண்டை போயிரும்'னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, சொன்னத அப்படியே சொல்றேன்."

ரோசிலேனியின் கை தானாக விலாவுக்குப் போனது.

"போய்க் கதவத் தட்டேன் பொண்ணே," என்றார் வால்டோமிரோ.

"தட்டுனா மக வந்ததா ஆயிரும். மககிட்டப் பேசக் கூடாதுல்ல அவங்க."

அன்றைக்கே திரும்பவும் பதிந்தாள். மூன்றாவது வரிக்கு முன்னால் நின்று, ஒலிபெருக்கியில் நன்றாகவே கேட்கிற மாதிரி, மூச்சு எடுத்தாள்.