சிவப்புப் பொட்டு டம்ளர்

பொங்கலூர் கோமளாவுக்கு முழங்கையில் சொரியாசிஸ். எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் எனக்கு எதிரே நிற்பவள். துணியில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. டீ குடிக்கச் சுவரில் ஆளுக்கொரு ஆணி, ஆணிக்கொரு எவர்சில்வர் டம்ளர், எல்லாம் ஒரே அச்சு. அவள் டம்ளரை யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதென்று அதன் அடியில் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்த புண்ணியவதி நான்தான். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். மறுவாரமே என் நெயில் பாலிஷ் பாட்டில் காணாமல் போனது.

கோமளா சண்டை போடவில்லை. தோல் டாக்டர் ஜெயபாரதி கொடுத்த நோட்டீஸைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினாள். தொட்டால் ஒட்டாது, எச்சிலில் பரவாது, அடியோடு போகாது, ஆனால் மருந்துக்கு அடங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மறுநாளே அதன் மேல் ஓவர்டைம் லிஸ்டை ஒட்டிவிட்டார்கள். எங்களுக்கு அதுதானே முக்கியம்!

நாலு மாதம் கழித்து ஒரு டீ நேரத்தில் இன்சார்ஜ் பூபாலன் அவளைக் கூப்பிட்டு, மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும், நாளை முதல் வேஸ்ட் குடோனுக்குப் போய்விடு என்றார். அங்கே மூச்சுவிட்டால் பஞ்சுத்தூசி. அவள் தோலுக்கு அது ஆகவே ஆகாது. நான் குனிந்து என் டீயை ஊதினேன்.

"சார், உங்களுக்கு எங்கியாச்சும் அரிக்குதுங்களா?" என்று கேட்டாள் கோமளா.

"இல்லியே. ஏம்மா?"

"நாலு மாசமா என்ர டம்ளர்லதானுங்க டீ குடிக்கறீங்க. நோட்டீஸை மறைச்ச அன்னிக்கே அதுல இருந்த பொட்டை அழிச்சு, உங்க டம்ளருக்கு ஒண்ணு வெச்சு, ஆணி மாத்தி மாட்டிட்டனுங்க."

கறை எடுக்கும் மருந்துதான் எங்கள் மேசையிலேயே இருக்கிறதே! படுபாவி, இத்தனை நாளும் முகத்தில் ஒரு சிரிப்புகூடக் காட்டாமல் அவர் டம்ளரில் குடித்திருக்கிறாள்.

பூபாலன் கழுத்தைச் சொறிந்தார். சட்டைக் கையை மடித்து முழங்கையைப் பார்த்தார். கொசுக்கடிகூட இல்லை. நேராகப் போய் ஓவர்டைம் லிஸ்டைக் கிழித்துவிட்டு, அடியிலிருந்த நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். பிறகு மீதி டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"செக்கிங்லயே இருங்க," என்றார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கோமளா நேரே என்னிடம் வந்து, பையிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தாள்.

"இந்தாங்கக்கா, உங்க நெயில் பாலிஷ். ரொம்ப நாளாத் தேடிட்டு இருந்தீங்களே."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.