மான் அறுக்க ஒரு கத்தி

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் கணவர் காபி ஆறுவதற்குள் சரி என்று சொல்லிவிட்டார். மான் அறுக்க ஒரு கத்தி வாங்குவதற்கு அதே மனிதருக்கு வாரக்கணக்கில் யோசனை தேவைப்பட்டது. ஆபீஸ் பிரின்டரில் கத்திகளைப் பற்றி ஒரு கட்டு காகிதம் அச்சடித்துக் கொண்டுவந்தார். டல்லாஸுக்குப் பக்கத்தில் காப்பெல்லில் இருந்த எங்கள் அபார்ட்மென்டின் சாப்பாட்டு மேஜையில் அவற்றைப் பரப்பி, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுப் படித்தார். கல்லூரியில் இப்படிப் படித்திருந்தால் அரியர் விழுந்திருக்காது.

விஷயம் இதுதான். அவருடைய மேனேஜர் ஒரு டெக்சாஸ்காரர். நவம்பர் பிறந்துவிட்டால் மனிதருக்கு ஆபீஸில் உட்கார முடியாது, மான் வேட்டைக்குப் போயாக வேண்டும். அந்த வருஷம் தோளில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் சுடுவதற்கு மட்டுமே கை ஒத்துழைத்தது. குனிந்து மானின் வயிற்றைக் கிழித்துக் குடலை எடுக்க முடியாது. அதை அங்கேயே உடனே செய்யாவிட்டால் கறி கெட்டுவிடும். எங்கள் ஊர்க் கோயிலில் கிடா வெட்டினால் நாள் முழுக்க வெட்டுவோம் என்று என் கணவர் ஒருநாள் லஞ்ச் மேஜையில் பெருமை அடித்திருக்கிறார். மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டார். சுடுவது நான், சுத்தம் செய்வது நீ, ஒரு நல்ல கத்தியோடு வா, மனைவியையும் அழைத்து வா என்று சொல்லிவிட்டார். கிடா வெட்டும் நேரத்தில் தன் மகன் கோயிலுக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நிற்பான் என்று என் மாமியார் எனக்குச் சொல்லியிருந்தார். லஞ்ச் மேஜையில் அந்தப் பகுதி விட்டுப்போயிருக்கிறது.

இந்த இடத்தில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். நான் சர்ஜன். மதுரையில் அரசு ஆஸ்பத்திரியில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, வயிற்றைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவள். கல்யாணமாகி, மனைவிமாருக்குக் கொடுக்கும் எச்-ஃபோர் விசாவில் டெக்சாஸ் வந்து, இந்த ஊர்ப் பரீட்சைகளையும் எழுதிப் பாஸ் பண்ணினேன். ஆனால் ஆஸ்பத்திரியில் டிரெயினிங் இடம் கிடைத்தால்தான் இங்கே கத்தியைத் தொட முடியும். இரண்டு வருஷம் அப்ளை பண்ணி இரண்டு வருஷமும் ஒருவரும் சீந்தவில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு, அதுவும் பொம்பளை, அதுவும் சர்ஜரியா என்று நம்மவர்கள் கூடிச் சாப்பிடும் ஒவ்வொரு பாட்லக்கிலும் யாராவது ஒரு ஆன்ட்டி என் தட்டில் தயிர்சாதம் வைத்தபடி கேட்பார்.

அப்போது ஊரே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று அலைந்தது. இரண்டாயிரம் பிறந்தால் எல்லா மெஷினும் நின்றுவிடும் என்று சொல்லி, எழுதப் படிக்கத் தெரிந்த எல்லாரையும் பிடித்து உட்காரவைத்துச் சாஃப்ட்வேர் சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்து ஊரான அர்விங்கில் ஒரு அங்கிள் தன் வீட்டு கராஜில் டெஸ்டிங் கிளாஸ் நடத்தினார். நானும் சேருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேட்டைக்குப் போன வார இறுதி முடிந்து திங்கட்கிழமை கிளாஸ் தொடக்கம். டிரெயினிங்குக்கு அப்ளை பண்ணக் கடைசித் தேதியும் அதே வாரம்தான். இந்த முறை போடாவிட்டால் இனி எந்தக் காலத்திலும் போடமாட்டேன் என்று எனக்குத் தெரியும். கேட்டவர்களிடமெல்லாம் சர்ஜரி போரடித்துவிட்டது என்று சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

கத்தி வாங்க நானும் கூடப் போனேன். ஃப்ரீவே ஓரத்தில் வேட்டைச் சாமான் விற்கும் கடை, நம் ஊர் பஸ் ஸ்டாண்டைவிடப் பெரியது. வாசலில் பஞ்சு அடைத்த கரடி ஒன்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. என் கணவர் அதற்கு ஒதுங்கி வழிவிட்டார். கத்தி கவுன்ட்டரில் இருந்த தாடிக்காரரிடம் என் கணவர் காட்டச் சொன்ன கத்தி அவருடைய முன்கையில் பாதி நீளம் இருந்தது. முதுகில் ரம்பப் பல். கைப்பிடியின் அடியில் திருகு மூடி, அதற்குள் ஒரு திசைகாட்டி.

தாடிக்காரர் அதைக் கையில் எடுத்து நீட்டினார். என் கணவர் வாங்கவில்லை. கண்ணாடி மேஜையைப் பார்த்தார். தாடிக்காரர் இன்னும் கொஞ்சம் நீட்டினார். இவர் இன்னும் கொஞ்சம் மேஜையைப் பார்த்தார். கத்தியைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும் என்பது இவர் வீட்டுச் சட்டம். ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சமையலறையிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. பிடிக்கவில்லை போல என்று நினைத்துத் தாடிக்காரர் கத்தியைத் திரும்ப உறையில் போடப் போனார். பிறகு ஒருவழியாக மேஜையில் வைத்தார்.

"இதைப் பாரேன், காம்பஸ் வேற இருக்கு" என்றார் இவர்.

"மான் வயித்துக்குள்ள வழி தெரியாம போயிடுவீங்களா?"

"ஒரு சேஃப்டிக்குத்தான். நல்லா கெத்தா இருக்குல்ல?"

கெத்தாகத்தான் இருந்தது. கருப்பசாமி கையில் கொடுத்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் மூத்திரப்பையைப் பொத்தல் போடாமல் அறுக்க வேண்டிய கவலை கருப்பசாமிக்குக் கிடையாது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. தப்பான கத்தியைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

தாடிக்காரரிடம் என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு மேல் போகாத கத்திகளாக எடுத்து வைக்கச் சொன்னேன். நெஞ்சுக்கூட்டுக்குள் கையை விட்டு அறுக்கும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரலைக் கத்தியின் முதுகில் வைத்தால் நுனி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். மடக்குக் கத்திகளை ஒதுக்கினேன், அந்த மூட்டுக்குள் ரத்தமும் கொழுப்பும் போனால் சுத்தம் செய்து மாளாது. ரம்பப் பல் வேண்டாம், அது அறுக்காது, பிய்க்கும். முதுகில் கிளி மூக்கு மாதிரி வளைந்த கொக்கி ஒன்று சில கத்திகளில் இருந்தது. தோலைக் கிழிக்க வசதி என்றார் தாடிக்காரர். ஒரு கொத்து முடி சிக்கினால் அந்த வசதி போய்விடும் என்றேன். பிறகு கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். குடிக்க என்று நினைத்து ஒரு கப்பில் கொண்டுவந்தார். நான் அதைக் கையில் ஊற்றிக்கொண்டு, மிச்சமிருந்த ஒவ்வொரு கத்தியையும் ஈரக் கையால் இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். மான்கொம்புக் கைப்பிடி வழுக்கியது. பாலிஷ் போட்ட மரம் அதைவிட மோசம். சொரசொரப்பான ரப்பர் கைப்பிடி போட்ட ஒன்று மட்டும் கையில் நின்றது, பார்க்கச் சகிக்காத ஆரஞ்சு நிறத்தில். புல்லில் விழுந்தாலும் கண்ணில் படும் என்பதால் அந்த நிறத்தையும் மன்னித்தேன்.

"இது எதுக்கு?" என்றார் கணவர்.

"காய் நறுக்க" என்றேன்.

இரண்டையும் வாங்கினோம். அவர் தன்னுடையதை இடுப்பில் கட்டிக்கொண்டு அபார்ட்மென்டுக்குள்ளேயே நடந்து பழகினார்.

வெள்ளிக்கிழமை காரில் கிளம்பி, மலைப்பக்கம் மேனேஜர் குத்தகைக்கு எடுத்திருந்த காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு சின்ன மரவீடு, அதில் மேனேஜரின் மனைவி, அவர் போட்ட இனிப்பு டீ. மறுநாள் காலையில் மேனேஜர் தன் வேட்டை முறையை விளக்கினார். ஒரு பீப்பாய், அதன் அடியில் ஒரு மெஷின், தினமும் குறித்த நேரத்துக்கு மக்காச்சோளத்தைக் கொட்டும். மான்கள் வந்து சாப்பிட்டுப் பழகும். ஒருநாள் பக்கத்தில் கட்டிய கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு சுட வேண்டியதுதான். மாதக்கணக்கில் விருந்து வைத்துவிட்டுப் பந்தியிலேயே போட்டுத்தள்ளுவதை எங்கள் ஊரில் வேட்டை என்று சொல்லமாட்டார்கள் என்றேன். எனக்கிருந்த ஆங்கிலத்தில் அது இன்னும் மோசமாக வந்து விழுந்தது. மேனேஜர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். சரி, இன்றைக்கு நடந்தே தேடிப் போவோம் என்றார்.

காற்றுக்கு எதிராக, காய்ந்த இலைமேல் சத்தம் வராமல், குனிந்து குனிந்து போனோம். சத்தம் வராமல் போனது நானும் மேனேஜரும்தான். என் கணவரின் இடுப்புக் கத்தி தண்ணீர் பாட்டிலில் இடித்து, அடிக்கு ஒருதரம் கோயில் மணி அடித்துக்கொண்டே வந்தது. மேனேஜர் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த வாளைக் கொண்டுபோய் வண்டியில் வைத்துவிட்டு வா என்று விரட்டினார். அன்று அந்தக் கத்திக்குக் கிடைத்த ஒரே வேலை, சாயங்காலம் மேனேஜர் மனைவி பீகன் பருப்பு போட்டுச் செய்த பை என்ற இனிப்பை வெட்டியதுதான்.

வெயில் ஏறும் நேரத்துக்கு ஓடைக்கரையில் ஒரு கொம்பு மான் நின்றது. ஒரே குண்டு. கிட்டே போனபோது கண் திறந்தபடி கிடந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கறி காத்திருக்காது. மேனேஜர் நல்ல கையால் மானை மல்லாத்திப் பிடித்துக்கொண்டு என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் குளிர்கோட்டுப் பையிலிருந்து ஆரஞ்சுக் கத்தியை எடுத்துக் கீழே வைத்தேன். அவர் அதை எடுத்து, மண்டியிட்டு, மானின் வயிற்றில் கை வைத்தார். உடம்பு இன்னும் சூடாக இருந்திருக்கும். அவர் முகம் வெளுத்துப்போனது. கத்தியைப் புல்லில் போட்டுவிட்டு எழுந்துபோய் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று வாந்தி எடுத்தார்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு உட்கார்ந்தேன். நெஞ்செலும்புக்குக் கீழே தோலைத் தூக்கிப் பிடித்து ஒரு சின்னக் கீறல். அதற்குள் இரண்டு விரல். விரல்களுக்கு நடுவே கத்தியை வாய் மேலே பார்க்க வைத்து, குடலை விரலால் கீழே அமுக்கிக்கொண்டே அடிவயிறு வரை. மனுஷ வயிற்றையும் இப்படித்தான் திறப்போம். முதலில் கை மெதுவாகத்தான் போனது, இரண்டு வருஷம் வெண்டைக்காய் நறுக்கிய கை. பாதி வழியில் பழைய வேகம் தானாக வந்துவிட்டது. காலை இன்னும் அகட்டிப் பிடியுங்கள் என்று மேனேஜரிடம் சொன்னேன். புது ஹவுஸ் சர்ஜன் மாதிரி பயபக்தியுடன் பிடித்தார்.

என் கணவர் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கத்தியை அவரிடம் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் இரைப்பையை அலுங்காமல் ஒதுக்கினேன். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை அறுக்க வேண்டும். கண்ணை எடுக்காமல் வலது கையை நீட்டி, "கத்தி" என்றேன்.

கையில் ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், கத்தியைத் துடைத்து என் முழங்காலுக்குப் பக்கத்தில் புல்லில் வைத்துவிட்டு நிற்கிறார்.

"கத்தி" என்றேன் மறுபடியும். அவர் அதை எடுத்து, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில், ஒரு காய்ந்த இலை மேல் வைத்தார்.

"கையில குடுடா" என்றேன். "தரையில என்ன படையலா போடுற? கேஸ் நடந்துட்டு இருக்கு, கனவு கண்டுட்டு நிக்கிற. உன்னையெல்லாம் யாருடா தியேட்டருக்குள்ள விட்டது, முட்டாள்."

மதுரையில் ஆபரேஷன் தியேட்டரில் தினமும் யாராவது ஒருவர் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டு அது. கட்டிய கணவரிடம் அதுவரை டா போட்டதில்லை. அவர் கைப்பிடி என் பக்கம் இருக்கும்படி கத்தியைத் திருப்பி, என் உள்ளங்கையில் அழுத்தி வைத்தார். நான் வேலையைத் தொடர்ந்தேன். நெஞ்சுக்கூட்டுக்குள் தோள்வரை கையை விட்டு, விரலால் தடவி மூச்சுக்குழாயைக் கண்டுபிடித்து அறுத்தேன். எல்லாம் ஒரே மூட்டையாக வெளியே வந்தது. எங்கும் ஒரு பொத்தல் இல்லை. குண்டு எந்தப் பக்கம் நுழைந்து எந்த நுரையீரலைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது என்று பிரித்துக் காட்டிப் பாடம் நடத்த வேறு ஆரம்பித்துவிட்டேன்.

அவள் என்ன சொன்னாள் என்று மேனேஜர் கேட்டார். கத்தி கேட்டாள் என்றார் என் கணவர். கத்திக்கு உங்கள் பாஷையில் இவ்வளவு வார்த்தையா என்றார் மேனேஜர். பிறகு என்னிடம், இதற்கு முன்னால் செய்திருக்கிறாயா என்று கேட்டார். மனிதர்களுக்கு மட்டும் என்றேன். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில் என் கணவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். மேனேஜர் முன்னால் டா போட்டதில் கோபம் என்று நினைத்தேன். ஐஸ் பெட்டியில் கறி இருந்தது, காருக்குள் அதன் வாடை லேசாக அடித்தது.

"நேத்து நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டு வருஷமா நீ என்னைத் திட்டவே இல்ல, தெரியுமா?" என்றார். "கல்யாணமான புதுசுல எவ்ளோ திட்டுவ. இங்க வந்து எல்லாத்துக்கும் சரி, சரின்னு தலையாட்டிட்டு இருக்க. பயமா இருந்துச்சு எனக்கு. யாருகிட்ட போய் சொல்றது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாளைக்கு கிளாஸுக்கு உன்னை டிராப் பண்ண மாட்டேன். அங்கிள்கிட்ட நான் பேசிக்கறேன். நீ உக்காந்து அப்ளை பண்ணு."

"இந்த வருஷமும் கிடைக்கலேன்னா?"

"அடுத்த வருஷம் போடு."

"அப்பவும் கிடைக்கலேன்னா?"

"டெக்சாஸ்ல மானுக்கா பஞ்சம்?" என்றார். "நான் கூட வந்து கத்தி எடுத்துக் குடுக்கறேன். கையிலயே குடுக்கறேன்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. சர்ஜரி போரடிக்கவே இல்லை, அது இல்லாமல் செத்துக்கொண்டிருக்கிறேன், ஊர் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறேன் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். தெரியும் என்றார். நான் அழுவதையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில் நாங்கள் திரும்ப வேண்டிய எக்ஸிட்டைக் கோட்டை விட்டுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த எக்ஸிட்டையும் விட்டார்.