தவமலரின் ஒற்றைப் பாகல்

தவமலரை முதலில் எனக்குப் பிடிக்காது. சொல்லிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது? எண்பத்தாறில் லண்டன் மோர்டனில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாள். வந்த மூன்றாம் நாளே மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து மண்வெட்டி கேட்டாள். சட்டிபானை அடுக்கி முடியவில்லை, அதற்குள் தோட்டமாம்! "உனக்கென்ன விசரோ?" என்றுதான் கேட்டேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். அந்தச் சிரிப்போடு நான் கனநாள் கோபமாக இருக்க ஏலவில்லை.

புருசன் சபாரத்தினம், மகள், அவள், மூன்று பேராகத்தான் வந்தார்கள். மூன்று பேருக்கு மேல் ஏற்றமாட்டேன் என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டானாம். மூத்தவன் சிவானந்தன் படிப்பை முடித்துக்கொண்டு பிறகு வரட்டும் என்று யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த வருசம் பங்குனியில், இங்கே வந்த ஒருவரின் கையில் அவன் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தான். உள்ளே பாகல் விதை. "அம்மா, அங்கத்தைக் கடையில விக்கிற வாடலுகளைத் தின்னாதேங்கோ, இதை நட்டுப் பாருங்கோ" என்று ஒரு கடிதத் துண்டும் இருந்தது. அந்த ஐப்பசியில் ஷெல் குண்டு விழுந்து அவன் போய்விட்டான். பத்தொன்பது நாள் கழித்துத்தான் போன் வந்தது. முகம்கூடப் பார்க்கவில்லை அவள், பெற்ற வயிறு.

அதற்குப் பிறகு அவளுடைய சீவன் முழுக்கப் பாகலிலேதான். சபாரத்தினம் பழைய யன்னல் கண்ணாடிகளை வைத்து ஒரு கூடு அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு வருசமும் காய் பிடுங்கி எங்களுக்கும் தருவாள். ஒரு காயை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது மஞ்சளாகிப் பழுத்து வெடிக்கும்வரை காத்திருந்து, சிவப்பு விதைகளை எடுத்துக் கழுவிக் காயவைத்து ஒரு தகர ரின்னுக்குள் போட்டு வைப்பாள். "அவன்ர பாகல்" என்றுதான் சொல்லுவாள்.

தொண்ணூறாம் ஆண்டு ரின்னுக்குள் ஈரம் போய் விதையெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிட்டது. தப்பியது ஐந்து. மூன்று முளைக்கவில்லை, ஒன்றை நத்தை தின்றது. மிஞ்சியது ஒரே ஒரு கொடி. அது காய்த்துப் பழுத்தால்தான் அடுத்த வருசத்துக்கு விதை. இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

அந்த வருசம் பார்த்து வானமும் வஞ்சகம் பண்ணியது. முந்தின குளிருக்குப் பனியே கொட்டவில்லை, பங்குனிக்குப் பிறகு மழையையும் காணோம். புல்லெல்லாம் வைக்கோல் நிறம். ஹோஸ் பைப்பால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று தடை போட்டார்கள். பைப்புக்குத்தான் தடை, வாளியில் அள்ளி ஊற்றலாம். ஆனால் யார் எங்களுக்கு அதை விளங்கப்படுத்தினார்கள்? தவமலரின் விசாக் கேஸ் அப்போது முடியாமல் கிடந்தது. "அக்கா, ஆரும் எழுதிப் போட்டால் எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்று பயந்து, தோட்டத்துக்கென்று குழாயையே திறக்கமாட்டாள். அரிசி கழுவின தண்ணீர், மரக்கறி கழுவின தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் சேர்த்துக் கொண்டுபோய் ஊற்றுவாள். ஆடிக் கடைசியில் என் சுண்டுவிரல் அளவில் ஒரு காய் பிடித்தது. அன்றைக்கு அவள் எனக்கு ரவைக் கேசரி கொண்டுவந்து தந்தாள்.

ஆவணியில் மகளின் பிள்ளைப்பெறுவுக்குப் பேர்மிங்ஹாம் போகவேண்டி வந்தது. புருசனும் கூடப் போனார். வீட்டுத் திறப்பை என் கையில் வைத்து, "அக்கா, சோப்புத் தண்ணி மட்டும் விட்டிடாதேங்கோ, ரெண்டு கிழமையில வந்திடுவன்" என்றாள்.

நான் துணி வெளுக்கும் லோண்டரியில் எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்கிறவள். பகலில் வீட்டில் நிற்பது என் மனுசன் ஆனந்தராஜாதான். இரண்டாம் நாள் வந்து பார்த்தால், அரிசி கழுவின தண்ணீரைச் சிங்கில் ஊற்றிக்கொண்டு நிற்கிறார்! எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "உங்களுக்கு மூளை இருக்கோ? அந்தக் கொடி தண்ணியில்லாமல் காயுது, நீங்கள் சிங்குக்கு வார்க்கிறியளோ? இனி இந்த வீட்டில ஒரு சொட்டுத் தண்ணி வீணாப் போகக்கூடாது, சொல்லிப்போட்டன்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். மனுசன் மிச்சத் தண்ணீரை வாளியில் ஊற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

நாலாம் நாள் இலை ஓரம் கருகியது. வெயில் என்று நினைத்தேன். "இன்னும் விடுங்கோ" என்றேன். இன்னும் விட்டார். எட்டாம் நாள் நான் வேளைக்கு எழும்பிக் குசினிக்குள் வந்தபோது, இவர் ஒரு பேசினைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார்.

"உதென்ன தண்ணி?"

"நீர் ராத்திரிக் கால் வைச்ச தண்ணி."

வேலையால் வந்தால் என் கால் இரண்டும் வீங்கிவிடும். சுடுதண்ணீரில் இரண்டு கைப்பிடி உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் படுப்பேன்.

"எத்தினை நாளா ஊத்திறியள்?"

"நீர் ஏசின நாளில இருந்து. ஒரு சொட்டும் வீணாக்கக்கூடாதெண்டீரெல்லே?"

ஐயோ, என் வாயே! தடையாவது மண்ணாங்கட்டியாவது என்று ஹோஸ் பைப்பைப் பூட்டி, உப்புப் போகட்டும் என்று பட்டப்பகலில் ஒரு மணித்தியாலம் அந்த மண்ணைக் கழுவினேன். எதிர்வீட்டு வெள்ளைக்காரி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கட்டும். எத்தனை தண்ணீர் விட்டும் கொடி நிமிரவில்லை. காய் பச்சையாகவே சுருங்கிவிட்டது.

தவமலர் வந்து நேரே தோட்டத்துக்குத்தான் போனாள். பேத்தியின் படம் கைப்பையோடு கதிரையில் கிடந்தது. காயைப் பிடுங்கி நகத்தால் கீறினாள். உள்ளே விதை வெள்ளையாய், பஞ்சு மாதிரி. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். உப்புத் தண்ணீர்க் கதையைச் சொல்லத்தான் போனேன். கடவுள் சத்தியமாகச் சொல்லத்தான் போனேன்.

"என்ர பயம்தான் அக்கா" என்றாள். "குழாய்த் தண்ணி ரெண்டு வாளி விடுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம். விசா விசா எண்டு பயந்தன். அவனையும் உப்பிடித்தான் பயத்தில விட்டிட்டு ஓடி வந்தனான். இதையும் விட்டிட்டுப் போனன்." பிறகு என் கையைப் பிடித்தாள். "தண்ணி காணாமல்தானே செத்தது, என்ன அக்கா?"

"ஓம்" என்றேன்.

விசா அடுத்த வருசம் கிடைத்தது. தொண்ணூற்று நாலில் மகளோடு இருக்கப் பேர்மிங்ஹாம் போய்விட்டாள். அதுவரை அந்தக் கூட்டுக்குள் அவள் ஒரு கீரை விதைகூடப் போடவில்லை. எனக்குக் கடிதம் எழுதுகிறாள். நானும் எழுதுகிறேன், பேத்தி சுகமோ, இங்கே மழை என்று. தவமலர் இன்றைக்கும் தன் பயம்தான் கொன்றது என்று நினைத்துக்கொண்டு படுக்கிறாள், நான் அதை நினைக்க விட்டுக்கொண்டிருக்கிறேன்.